மண்டிக்காரர் மனைவியின் சி.ஆர்.பி.

ஜனவரி 20, செவ்வாய்

என் உடம்புக்குள் எங்கேயோ நெருப்புப் பிடித்திருக்கிறதாம். கோயம்புத்தூர் ஆஸ்பத்திரியில் இன்று கண்டுபிடித்தார்கள். சி.ஆர்.பி. என்று ஒரு இரத்தப் பரிசோதனை, ஐந்துக்குள் இருக்க வேண்டும், எனக்குப் பதினாறு. இ.எஸ்.ஆர். என்று இன்னொன்று, இருபதைத் தாண்டக் கூடாது, எனக்கு ஐம்பத்திரண்டு. பள்ளிக்கூடத்தில் கணக்குப் பாடத்தில் இப்படித் தேவைக்கு மேல் வாங்கியிருந்தால் அப்பா என்னைக் காலேஜுக்காவது அனுப்பியிருப்பார்.

வேறு சமயமாக இருந்தால் யாரும் கண்டுகொண்டிருக்க மாட்டார்கள். ஆனால் என் வீட்டுக்காரருக்கு ஒரு வருஷமாக இரண்டு சிறுநீரகமும் வேலை செய்யவில்லை. வாரத்தில் மூன்று நாள் டயாலிசிஸ். என்னுடையது இவருக்குப் பொருந்துகிறது என்று தெரிந்ததிலிருந்து நான் வீட்டில் முக்கியஸ்தி. நாத்தனார் நாச்சம்மாளுக்குச் சர்க்கரை, அவரால் கொடுக்க முடியாது. அதனால் என்னுடையதைக் கொடுக்கிறார். பிப்ரவரிக் கடைசியில் ஆபரேஷன் என்று பேச்சு. இப்போது இந்தப் பதினாறு வந்து குறுக்கே உட்கார்ந்துவிட்டது.

டாக்டர் பெனிட்டா பொறுமையாகச் சொன்னார். "இது பொகை மாதிரிங்கம்மா. எங்கியோ எரியுதுன்னு மட்டுந்தான் சொல்லும், எந்த அடுப்புன்னு சொல்லாது. சளியா இருக்கலாம், சிறுநீர்ல கிருமியா இருக்கலாம், மூட்டு, பல்லு, தூக்கமில்லாதது, இடுப்புச் சதை, எது வேணும்னாலும் இருக்கலாம். காரணம் தெரியாம உங்களை ஆபரேஷன் மேசையில படுக்க வைக்க மாட்டேன்."

பிறகு கேள்விகள் கேட்டார். என்னைப் பார்த்துத்தான் கேட்டார். பதில் மட்டும் பக்கத்து நாற்காலியிலிருந்து வந்தது.

"காய்ச்சல் வருதாம்மா?"

"இவளுக்குங்களா? காய்ச்சல் இவளைக் கண்டா ஓடிப்போயிரும்" என்றார் நாத்தனார்.

"மூட்டு வலி?"

"அட நீங்க வேற, ஒரு நாளைக்கு எத்தன தடவ மாடி ஏறி எறங்கறா."

"பல்லு, ஈறு?"

"கொட்டப்பாக்கைக் கடிச்சு ஒடைப்பாளுங்க."

"தூக்கம்?"

"படுத்தாத்தான் தெரியும், எந்திரிக்கவே மாட்டா."

நான் இரண்டு முறை வாயைத் திறந்தேன். ஏ.சி. காற்று உள்ளே போய் இடது பக்கம் சுரீர் என்றது. மூடிக்கொண்டேன்.

வெளியே வரும்போது ஒரு சின்னப் பெண் படிவம் நீட்டி, ஆபரேஷனுக்கு முன்னால் ஒரு கமிட்டியும் எங்களைக் கூப்பிட்டு இதையே கேட்கும் என்று சொல்லிவிட்டு, "நீங்க விருப்பப்பட்டுத்தான குடுக்கறீங்க?" என்று கேட்டாள். "பின்ன, கட்டுனவனுக்குக் குடுக்காம?" என்றார் நாத்தனார். கையெழுத்தை மட்டும் நான் போட்டேன். அதை அவரால் போட முடியாது என்பதில் அவருக்குக் கொஞ்சம் வருத்தம்தான்.

ஜனவரி 21

இன்று என்னை யாரும் அடுப்படிக்குள் விடவில்லை. நல்ல வியாதியாகத்தான் வந்திருக்கிறது.

ஜனவரி 24, சனி

நாத்தனார் பெட்டியோடு வந்துவிட்டார். "அந்தப் பதினாறை அஞ்சாக்காம நான் போகமாட்டேன்" என்று வாசலிலேயே சபதம். எங்கள் பக்கத்தில் கணவரின் அக்காவை நங்கை என்று கூப்பிடுவோம். "வாங்க நங்கை" என்றேன். வேறு என்ன சொல்வது?

பெங்களூரிலிருந்து மகன் யுகேஷ் தினமும் வீடியோ அனுப்புகிறான். வெள்ளைக் கோட்டு போட்ட ஒருவர், போடாத பலர். ஆளி விதை, இஞ்சி, பூண்டு, பச்சைக் கீரை, கடல் மீன், வால்நட். சர்க்கரை கூடாது, மைதா கூடாது, பொரித்தது கூடாது, கவலை கூடாது. கடைசியில் சொன்னதை எந்தக் கடையில் வாங்குவது என்று அந்த வீடியோவில் இல்லை.

முறுக்கு, தட்டுவடை எல்லாவற்றையும் நங்கை எடுத்து அக்கம்பக்கத்துக்குக் கொடுத்துவிட்டார். எனக்கு ஒன்றும் வருத்தமில்லை. தீபாவளிக்குப் பிறகு நான் முறுக்கைத் தொட்டதே இல்லை.

எல்லா வீடியோவிலும் முதல் இடம் மஞ்சளுக்கு. இதை யாரிடம் சொல்கிறார்கள்? ஈரோட்டில், மஞ்சள் மண்டி வைத்திருக்கிற வீட்டில்! கொல்லன் தெருவில் ஊசி விற்ற கதை. இந்த வீட்டில் வேட்டி, தலையணை உறை, ரூபாய் நோட்டு எல்லாம் மஞ்சளாகத்தான் இருக்கும். தும்மினால்கூட மஞ்சள் வரும். அப்படியும் எனக்குப் பதினாறு.

ஆனால் ஒன்றை எழுதாமல் இருக்க முடியாது. சாயங்காலம் இவர் டயாலிசிஸ் முடிந்து வந்த களைப்போடு குடோனுக்குப் போனார். மூட்டை மூட்டையாகப் பிரித்து, ஒவ்வொரு விரலி மஞ்சளாக உடைத்து, உள்ளே நிறம் பார்த்து, முகர்ந்து, கடித்துப் பார்த்து, ஒரு படி பொறுக்கிக் கொண்டுவந்தார். "ஏற்றுமதிக்குக்கூட இப்படிப் பொறுக்குனதில்ல கோகிலா" என்றார். இருபத்தைந்து வருஷத்தில் எனக்கென்று இவர் பார்த்துப் பொறுக்கிய முதல் பொருள். கல்யாணப் புடவையைக்கூட நங்கைதான் பொறுக்கினார்.

எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அதற்காக வெட்கமாகவும் இருந்தது.

ஜனவரி 31, சனி

திட்டம் இப்படி. காலையில் வெறும் வயிற்றில் மஞ்சளும் மிளகும் சேர்த்து அரைத்து எலுமிச்சை அளவு உருண்டை. மிளகு சேர்த்தால்தான் மஞ்சள் உடம்பில் ஒட்டுமாம், யுகேஷ் வீடியோவில் சொன்னது. மதியம் சாப்பாட்டுக்கு மேல் மஞ்சள் சத்து மாத்திரை இரண்டு, அதுவும் யுகேஷ் ஆன்லைனில் வரவழைத்தது. ராத்திரி பாலில் மஞ்சள். நடுவில் குழம்பு, ரசம், பொரியல் எல்லாவற்றிலும் ஒரு கரண்டி அதிகம். வாசற்படிக்குப் பூசுகிறதைவிட எனக்குப் பூசியது அதிகம், உள்பக்கமாக.

காலையில் வ.உ.சி. பூங்காவில் நடை. அங்கே நடக்கிறவர்களைவிட நின்று ஆலோசனை சொல்கிறவர்கள் அதிகம். ஒரு அம்மா வேப்பங்கொழுந்து தின்னச் சொன்னார். இன்னொருவர் இரும்புச் சட்டியில் சமைக்கச் சொன்னார். ஓய்வு பெற்ற தாசில்தார் ஒருவர் சிரிக்கச் சொன்னார். மரத்தடியில் வட்டமாக நின்று ஹா ஹா என்று கத்துகிற கூட்டம் அவருடையது. வாயைப் பெரிதாகத் திறக்க வேண்டும் என்றார். எனக்கு அது இப்போது தோதுப்படாது என்று சொல்லிவிட்டேன்.

பிப்ரவரி 5

மத்தியானம் இரண்டு மணி நேரம் தூங்கினேன். யாரும் எழுப்பவில்லை. எழுந்தபோது நங்கை காபி கொண்டுவந்து கையில் கொடுத்தார். இந்த வீட்டில் காபி கையைத் தேடி வரும் என்பதே எனக்குத் தெரியாது. வலது கன்னம் தலையணையில் பதிந்திருந்தது. இப்போதெல்லாம் அந்தப் பக்கம்தான் படுக்கிறேன்.

காபியை ஆறவைத்துக் குடித்தேன். கிராம்பு டப்பா தீர்ந்துபோயிற்று. "கிராம்பை யாருடி திங்கறது?" என்று நங்கை தேடினார். கிராம்பும் வீக்கத்துக்கு நல்லதாம் என்றேன். உடனே கால் கிலோ வாங்கிவந்துவிட்டார். சி.ஆர்.பி. என்று சொன்னால் இந்த வீட்டில் எதுவும் கிடைக்கும்.

பிப்ரவரி 12, வியாழன்

இரண்டாம் பரிசோதனை. சி.ஆர்.பி. பதினைந்து. மூன்று வாரம், ஒரு கிலோ மஞ்சள், ஒரு புள்ளி.

டாக்டர் சிரிக்கவில்லை. "நடை, தூக்கம், கீரை, மீன் எல்லாம் நல்லதுதான், விடாதீங்க. ஆனா அதெல்லாம் மாசக்கணக்குல மெதுவா எறக்கற வேலை. எரியற அடுப்பு ஒண்ணு உள்ளயே இருந்தா அதை அணைக்காம பொகை நிக்காது" என்றார். நெஞ்சு எக்ஸ்ரே, சிறுநீர், மூட்டுக்கு ஒரு பரிசோதனை, எல்லாம் எடுத்தார்கள். எல்லாம் சுத்தம். வீட்டில் வேறு ஏதாவது மருந்து சாப்பிடுகிறேனா என்று கேட்டார்.

"மருந்தே இல்லீங்க, எல்லாம் இயற்கை" என்றார் நங்கை.

மறுபடியும் ஒரு தடவை பல்லைப் பற்றிக் கேட்டார். "அதான் சொன்னனுங்களே" என்றார் நங்கை. பக்கத்தில் உட்கார்ந்திருந்த இவர் என்னைப் பார்த்தார். நான் சுவரில் மாட்டியிருந்த சிறுநீரகப் படத்தைப் பார்த்தேன். அவரைக்கொட்டை மாதிரி இருந்தது. அதைவிட அழகாக இருக்கும் என்று நினைத்திருந்தேன்.

ஆபரேஷன் தள்ளிப்போய்விட்டது. வீட்டுக்கு வந்ததும் இவர் நேராக அம்மிக்குப் போய் நாளைக்கு அரைக்க வேண்டிய மஞ்சளை இரண்டு பங்காக எடுத்து வைத்தார்.

பிப்ரவரி 13

உருண்டை இன்று முதல் ஆரஞ்சுப் பழ அளவு.

பிப்ரவரி 21, சனி

இவருக்கு இன்று டயாலிசிஸ் நடுவில் கால் இழுத்துக்கொண்டது. நான்கு பேர் பிடித்தும் கத்தினார். மண்டியில் ஏலம் கூவுகிற குரல் அது, அப்படி ஒரு குரல் அழுதால் எப்படி இருக்கும் என்று இன்றுதான் கேட்டேன். வீட்டுக்கு வந்தபிறகு ஒரு நாளைக்கு இவ்வளவுதான் என்று அளந்து வைத்த தண்ணீரில் ஐஸ் கட்டி போட்டு, அதை எடுத்து நாக்கில் வைத்து உறிஞ்சிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நான் எதிரே நிறைய தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தேன். வெந்நீர். குளிர்ந்தது இப்போது ஒத்துக்கொள்வதில்லை.

இவர் கெட்டவர் இல்லை. அதை எழுதிவைக்க வேண்டும். கை நீட்டியதில்லை, குடித்ததில்லை, சம்பாதித்ததை மறைத்ததில்லை. ஒன்றே ஒன்று, எதையும் கேட்டதில்லை. "நாளைக்குப் போறோம்" என்பார், எங்கே என்று வண்டியில் ஏறியபிறகு தெரியும். சிறுநீரகமும் அப்படித்தான். "உன்னுது பொருந்துதாம்" என்றார் ஒரு நாள் சாப்பிடும்போது, ரசத்துக்கு உப்புப் போதும் என்கிற மாதிரி. நானும் இன்னொரு கரண்டி சாதம் வைத்தேன்.

இவர் பிழைக்க வேண்டும் என்று எனக்கு ஆசைதான். ஆனாலும் மூன்று வாரமாக நன்றாகத் தூங்குகிறேன். இரண்டும் எப்படி ஒரே ஆளுக்குள் இருக்கும் என்று எனக்குத் தெரியவில்லை. அதற்கும் ஒரு இரத்தப் பரிசோதனை இருந்தால் எடுத்துவிடலாம்.

மார்ச் 1, ஞாயிறு

நங்கை வேண்டிக்கொண்டபடி குலதெய்வம் கோயிலில் கிடா வெட்டு. தம்பிக்கு ஆபரேஷன் சீக்கிரம் நடக்க வேண்டும், எனக்குப் பதினாறு இறங்க வேண்டும் என்று ஒரே கிடாயில் இரண்டு வேண்டுதல். நங்கை சிக்கனக்காரி.

ஒறம்பரை, சொந்தபந்தம் முழுவதும் வந்திருந்தது. ஒவ்வொருவரும் என் கையைப் பிடித்து "இப்ப எத்தனை?" என்று கேட்டார்கள். முன்பெல்லாம் "சௌக்கியமா?" என்று கேட்பார்கள், பதிலுக்கு நிற்க மாட்டார்கள். இப்போது நின்று கேட்கிறார்கள்.

கிடாய்க்கு மாலை போட்டு, மஞ்சள் தண்ணீர் தெளித்தார்கள். அது தலையைத் துளுக்கினால், அதாவது உதறினால், சாமிக்கும் சம்மதம், கிடாய்க்கும் சம்மதம் என்று அர்த்தம். கிடா நின்றது. துளுக்கவில்லை. பூசாரி மறுபடி தெளித்தார். "சாமி, உத்தரவு குடு" என்று எல்லோரும் கையெடுத்துக் கும்பிட்டு நின்றார்கள். அரை மணி நேரம். நல்ல வெயில். பெரியவர்கள், குழந்தைகள், உள்ளூர்க் கவுன்சிலர் வரை ஒரு ஆட்டின் பதிலுக்காக மூச்சு விடாமல் காத்திருந்தார்கள். துளுக்காத ஆட்டை எங்கள் ஊரில் வெட்டவே மாட்டார்கள்.

கடைசியில் காதுக்குள் தண்ணீர் போய் அது தலையை உதறியது. குலவை போட்டார்கள்.

வாயில் கிராம்போடு நான் ஓரமாக நின்றிருந்தேன். ஆட்டிடமாவது கேட்கிறார்கள் என்று தோன்றியது. வாய்விட்டுச் சொல்லவில்லை. பந்தியில் எலும்பை ஒதுக்கிவிட்டுக் குழம்பை மட்டும் ஊற்றிக்கொண்டேன்.

மார்ச் 5, வியாழன்

நாலு நாளாகச் சோற்றைப் பார்த்தால் குமட்டுகிறது. உடம்பெல்லாம் அரிப்பு. சிறுநீர் மஞ்சளாகப் போகிறது. மஞ்சள் மண்டிக்காரர் வீட்டில், நாளுக்கு ஆரஞ்சுப் பழ அளவு மஞ்சள் தின்கிறவளுக்கு வேறு என்ன நிறத்தில் போகும் என்று நானே இருந்துவிட்டேன்.

நங்கை என் முகத்தை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்துப் பூரித்துப்போனார். "பாரு தம்பி, மொகத்துல என்ன ஒரு களை! மஞ்சள் ஒடம்புல நல்லா ஊறிருச்சு. பொண்ணு பாக்க வந்தப்பக்கூட இவ இந்த நெறம் இல்ல."

இவரும் பார்த்தார். அவர் முகத்தில் வெகு நாளைக்கப்புறம் ஒரு நம்பிக்கை. தன் கையால் பொறுக்கிய மஞ்சள் அல்லவா?

கண்ணாடியில் பார்த்தேன். கண்ணின் வெள்ளையிலும் அந்தக் களை இருந்தது.

மார்ச் 9, திங்கள்

களைக்குப் பெயர் மஞ்சள் காமாலை.

டாக்டர் பெனிட்டா என் கண்ணின் கீழ் இமையை இழுத்துப் பார்த்த உடனே எழுந்து நின்றுவிட்டார். இரத்தம் எடுத்தார்கள். கல்லீரல் கணக்கு எல்லாம் இருக்க வேண்டியதைப்போலப் பல மடங்கு. சி.ஆர்.பி. குறைந்ததா என்றால் அதுவும் இல்லை, பதினெட்டு. "வீட்டுல என்ன சாப்பிடறாங்கன்னு ஒண்ணு விடாம சொல்லுங்க" என்றார். நங்கை பெருமையாகச் சொல்லத் தொடங்கினார். உருண்டை, மாத்திரை, பால். உருண்டையின் அளவைக் கையால் காட்டினார். டாக்டரின் முகம் மாற மாற, நங்கையின் கை சின்னதாகிக்கொண்டே வந்தது. கடைசியில் சுண்டைக்காய் அளவு ஆயிற்று.

"சமையல்ல போடற மஞ்சள் வேற, இது வேறங்கம்மா. இந்த அளவுல மஞ்சள் சத்து, அதோட மெளகையும் சேர்த்துக் குடுத்தா சில பேருக்குக் கல்லீரலே பழுதாயிரும். இயற்கைன்னா ஒண்ணும் பண்ணாதுன்னு யார் சொன்னாங்க? எட்டிக்கொட்டகூட இயற்கைதான்."

அளவுக்கு மிஞ்சினால் அமுதமும் நஞ்சு என்று நாங்கள் படித்த பள்ளிக்கூடச் சுவரில் எழுதியிருந்தது. நங்கையும் அதே பள்ளிக்கூடம்தான். அந்தச் சுவர்ப் பக்கம் உட்காரவில்லை போல.

இன்றைக்கே எல்லாம் நிறுத்தம். கல்லீரல் சரியாக ஒன்றிரண்டு மாதம் ஆகலாம். சரியாகாவிட்டால் என்னுடையதை எடுக்கவே முடியாது. அதற்குள் இவருக்கு எப்படி இருக்கும் என்று சொல்ல முடியாது, நுரையீரலில் நீர் கோத்துக்கொள்கிறது என்றார் டாக்டர். இவர் நாற்காலியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டிருந்தார். நகக்கண்ணில் இன்னும் மஞ்சள்.

அப்போதுதான் யுகேஷ் பேசினான். ஞாயிற்றுக்கிழமைக்கு வந்தவன் எங்களோடு வந்திருந்தான். "டாக்டர், என்னைப் பாருங்க. எனக்கு இருபத்தி மூணு வயசு. அம்மாவை விட்டுருங்க, நான் குடுக்கறேன்."

நங்கைக்கே பேச்சு வரவில்லை. எனக்கு மட்டும் அந்த நேரம் பார்த்து ஒன்று ஞாபகம் வந்தது.

"டாக்டர், எனக்குப் பல்லு வலிக்குதுங்க" என்றேன்.

எல்லோரும் திரும்பினார்கள். டாக்டர் டார்ச்சை எடுத்து வாயைத் திறக்கச் சொன்னார். திறந்தேன். அவர் பார்த்தார், மூக்கைச் சுருக்காமல் இருக்கப் பாடுபட்டார். "கடைவாய்ப் பல்லு மொத்தமா சொத்தை. அடியில சீழ் கட்டி, ஈறு பூராப் பழுத்துக் கெடக்குது. இதாம்மா அந்த அடுப்பு. எத்தனை நாளா வலிக்குது?"

"தீவாளியிலிருந்துங்க."

"நான் ரெண்டு தடவ கேட்டனே. ஏன் சொல்லல?"

மறந்துபோய்விட்டது என்றேன். இப்போது எழுதும்போதும் அதையே எழுதிவைக்கிறேன். மறந்துபோய்விட்டது.

மார்ச் 10

இவர் இன்று என் பக்கமே வரவில்லை. கோபம் என்று நினைத்தேன். சாயங்காலம் அம்மிக்கல்லை உரசி உரசிக் கழுவிக்கொண்டிருந்தார். டயாலிசிஸ் ஊசி போடுகிற கை, கனம் தூக்கக் கூடாது.

"விடுங்க, நான் கழுவறேன்" என்றேன்.

"நாலஞ்சு மாசமா ஒரு பக்கமே மென்னுட்டு இருந்திருக்கற. எதுக்கால உக்காந்து தின்னவன் நான், எனக்குத் தெரியல" என்றார். கல்லில் தண்ணீரை ஊற்றிக்கொண்டே, "ஏன் சொல்லல கோகிலா?"

"யாரும் என்னையக் கேக்கலீங்க."

"டாக்டரம்மா கேட்டாங்கல்ல?"

"அவங்க கேட்டாங்க. உங்கக்கா சொன்னாங்க."

அவர் தண்ணீரை ஊற்றுவதை நிறுத்திவிட்டார். அம்மியில் எவ்வளவு கழுவினாலும் போகாத ஒரு மஞ்சள் நிற்கிறது. அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மார்ச் 22

கிருமிக்கு மருந்து, கல்லீரலுக்குப் பத்தியம். பல் டாக்டர் பார்த்துவிட்டார். கல்லீரல் தேறினால்தான் பிடுங்க முடியும், இல்லாவிட்டால் இரத்தம் நிற்காதாம். யுகேஷுக்கு எதுவும் பரிசோதிக்கக் கூடாது என்று டாக்டருக்கு நானே போன் செய்து சொன்னேன். நானே பேசியதில் எனக்கே ஆச்சரியம்.

நங்கை மஞ்சள் டப்பாவைப் பார்த்தாலே மூக்கை உறிஞ்சுகிறார். "நல்லதுன்னுதான கண்ணு குடுத்தேன்" என்று இன்று என் தலையைத் தடவினார். நல்லது என்றுதான் கொடுத்தார். அதில் சந்தேகமே இல்லை. இந்த வீட்டில் எனக்கு நடந்ததெல்லாம் நல்லது என்றுதான் நடந்தது.

ஏப்ரல் 4

கண் வெளுத்துவிட்டது. பசிக்கிறது. ராத்திரி இவருக்கு மூச்சு முட்டி, உட்கார்ந்தபடியே தூங்கினார். நான் முதுகைப் பிடித்துக்கொண்டிருந்தேன். சீக்கிரம், சீக்கிரம் என்று என் கல்லீரலிடம் சொல்லிக்கொண்டிருந்தேன். அதுவும் இந்த வீட்டுக் கல்லீரல்தானே, சொன்ன பேச்சுக் கேட்கும்.

ஏப்ரல் 16, வியாழன்

பல் போயிற்று.

இவர்தான் கூட்டிப்போனார். டயாலிசிஸ் இல்லாத நாள். நங்கை செருப்பு மாட்டியபோது, "நீ இரு அக்கா, நாங்க போயிட்டு வர்றோம்" என்றார். நங்கை ஒரு செருப்போடு நின்றார்.

பிடுங்கியபின் பல் டாக்டர் பஞ்சை மடித்துப் பள்ளத்தில் வைத்து, "ஒரு மணி நேரம் கடிச்சுக்கங்க, பேசக் கூடாது" என்றார். வெளியே பெஞ்சில் உட்கார்ந்தோம். எதிரே மீன் தொட்டி. இவர் அதைப் பார்த்தபடியே கேட்டார்.

"கோகிலா, உனக்கு இதுல இஷ்டமா?"

எதில் என்று நான் கேட்க முடியாது. வாயில் பஞ்சு.

"பையன் குடுக்கறேன்னு சொன்னப்பத்தான் எனக்கு ஒறச்சுது. அவன் சொன்னான். நீ சொல்லவேயில்ல. நான் கேக்கவுமில்ல. பொருந்துதுன்னு சொன்னாங்க, அதோட முடிஞ்சுதுன்னு இருந்துட்டேன். உனக்கு வேண்டாம்னா வேண்டாம். டயாலிசிஸ் எத்தனை நாளைக்குத் தாங்குதோ தாங்கட்டும். அக்காகிட்ட நான் சொல்லிக்கறேன். இப்பக் கேக்கறேன். இஷ்டமா?"

இருபத்தைந்து வருஷம். எத்தனையோ நாள் வாய் சும்மா இருந்தது, பேசலாமென்று இருந்தது. பஞ்சு வைத்த அன்று பார்த்துக் கேட்கிறார். மனுஷனுக்கு நேரம் பார்க்கத் தெரிந்ததே இல்லை, மஞ்சள் ஏலத்தைத் தவிர.

தலையை ஆட்டியிருக்கலாம். ஆட்டினால் போதும், அவருக்குப் புரிந்திருக்கும். ஆட்டவில்லை. கிடாய்தான் தலையை ஆட்டும். கழுத்தை நேராக வைத்துக்கொண்டு மீன்களைப் பார்த்தேன்.

அவர் என் முகத்தைப் பார்த்தார். மறுபடி கேட்கவில்லை, எழுந்து போகவில்லை, எனக்குப் பதிலாக அவரே ஒரு பதிலைச் சொல்லிக்கொள்ளவும் இல்லை. வேர்த்தது அவருக்கு. கோயிலில் அன்றைக்கு எல்லோரும் நின்ற மாதிரி, மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அந்த ஒரு மணி நேரத்தில் அவர்மேல் எனக்கு இருந்த கோபமெல்லாம் ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தது. ஒவ்வொன்றாகப் போயிற்று என்று எழுத ஆசை. பாதி போயிற்று. மீதி என்னோடு இருக்கட்டும், ஒரு சிறுநீரகத்தோடு அதுவும் கிடக்கும்.

நர்ஸ் வந்து பஞ்சை எடுத்துவிடலாம் என்றாள். எடுத்துக் கையில் வைத்துக்கொண்டேன். நாக்கு மரத்திருந்தது. இருந்தாலும் ஒவ்வொரு வார்த்தையாக நானே சொன்னேன்.

"குடுக்கறேனுங்க. எனக்கு இஷ்டந்தான். ஆனா கமிட்டிக்காரங்க முன்னால நம்மளைக் கூப்புட்டுக் கேப்பாங்கல்ல, அன்னிக்கு இந்தப் பஞ்சை உங்கக்கா வாயில வச்சுருங்க."